வெளிச் சமையல்

கோயம்புத்தூரில் இன்றைக்கு டாக்டர்களாகவும் வக்கீல்களாகவும் காரில் போய்க்கொண்டிருக்கிற எத்தனையோ பேர் என் அம்மாவின் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மாணவிகள் விடுதி ஒன்றில் அம்மா தலைமைச் சமையல்காரி. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அரிசியும் பருப்பும் சாதம் போடும் நாளில் இரண்டாம் முறை கேட்காத பிள்ளை இல்லை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகும், ஆர்.எஸ்.புரத்தில் பட்டுப்புடவை வாங்க வந்த யாராவது ஒரு பெண் கடையில் அம்மாவைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொள்வது வழக்கம். அம்மாவுக்கு அந்தப் பெண்ணின் பெயர் ஞாபகம் இருக்காது. எந்தக் காய் பிடிக்காது என்பது மட்டும் ஞாபகம் இருக்கும்.

அப்படிப்பட்டவளை எங்கள் சபை விருந்தில் மட்டும் அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள். வெங்காயம் உரிக்கலாம், பூண்டு உரிக்கலாம், பந்தி முடிந்ததும் அண்டாவைத் தேய்க்கலாம். கரண்டியைத் தொடக்கூடாது.

எங்கள் கோயில் அன்னூருக்குப் பக்கத்தில், சோளக்காடுகளுக்கு நடுவில் இருக்கிறது. கோயில் என்று நாங்கள் சொல்வது கிறிஸ்தவத் தேவாலயத்தைத்தான். காலனியில் இருக்கும் நாங்கள் எல்லோரும் ஒரே சாதி, பெரும்பாலும் ஒரே சபை. முந்தைய தலைமுறை முழுக்கத் தோட்டங்களில் கூலிக்கு நின்றது. இப்போது மில் வேலை, டிரைவர் வேலை, என்னைப் போல நர்ஸ் வேலை என்று பரவிவிட்டோம். கோயில் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மட்டும் எல்லோரும் ஊருக்கு வந்துவிடுவோம். ஆராதனை, திருவிருந்து, அப்புறம் ஒரு சின்னப் பொதுக்கூட்டம், கடைசியில் கொட்டகை போட்டுப் பிரியாணி. அந்தச் சாப்பாட்டுக்கு ஊர்க்காரர்களையும் அழைப்போம். ஊர் என்றால் தார்ரோட்டுக்கு அந்தப் பக்கம், தோட்டங்களுக்குச் சொந்தக்காரர்களின் வீடுகள் இருக்கும் பக்கம். நாங்கள் ஊரில் சேர்த்தி இல்லை, காலனி. இதை விளக்க வேண்டியிருப்பதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டுச் சமையலைச் சாப்பிடமாட்டார்கள். வாயைத் திறந்து அப்படிச் சொல்லவும் மாட்டார்கள், ஏனென்றால் எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. “இப்பத்தானுங்க சாப்புட்டுப்போட்டு வந்தனுங்க” என்பார்கள். “சக்கரை இருக்குதுங்க” என்பார்கள். அதற்காகத்தான் எங்கள் கமிட்டி எப்போதோ ஒரு வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. அதற்கு வெளிச் சமையல் என்று பெயர். எங்கள் சாதியில் இல்லாத ஒரு சமையல்காரரை வெளியூரிலிருந்து கூட்டிவருவது, முதல் பந்தியை ஊர்க்காரர்களுக்கென்று தனியாகப் போடுவது, அவர்கள் கை கழுவிப் போன பிறகு நாங்கள் உட்காருவது. இதை யாரும் அவமானம் என்று சொன்னதில்லை. விருந்தோம்பல் என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

நீதியைப் பற்றிய பிரசங்கத்துக்கு எங்கள் சபையில் பஞ்சமே கிடையாது. வந்த போதகர்கள் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். ஆண்டவர் அடிமைகளை விடுதலையாக்கினவர், ஒதுக்கப்பட்டவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிட்டவர், கழுவப்படாத காலைக் கழுவினவர். கண்ணில் நீர் வரக் கேட்போம். பிறகு முழங்காலில் நின்று ஒரே ரொட்டியைப் பிட்டு, ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிப்போம். குடித்துவிட்டு வெளியே வந்து இரண்டு பந்தி போடுவோம். விடுதலையான அந்த அடிமைகளோடு செங்கடல் வரைக்கும் தைரியமாக நடந்து வந்துவிடுவோம். பிரியாணி அண்டாவைப் பார்த்ததும்தான் கால் நின்றுவிடும்.

அம்மாவுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் எதுவும் இல்லை. தன் கோயில் பண்டிகைக்குத் தன் கையால் ஒருமுறை ஆக்கிப்போட வேண்டும் என்ற இந்த ஒன்றுதான். ஒவ்வொரு ஆண்டும் கமிட்டிச் செயலரிடம் கேட்பாள். செயலர் அவளுடைய சொந்தத் தம்பி, என் மாமா. “அக்கா, நீ ஆக்குனா தேனாட்டம் இருக்கும். ஆனா அவங்க சாப்புடோணுமல்ல?” என்பார் மாமா. அம்மாவும் தலையை ஆட்டிவிட்டு வெங்காயக் கூடையை இழுத்துப் போட்டுக்கொள்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். மாமாவிடம் சண்டைக்குப் போவேன். அவர் பாவம், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். கோயிலுக்கு வரும் வண்டிப்பாதை ஊர்க்காரர் ஒருவரின் தோட்டத்துக்குள் புகுந்துதான் வருகிறது. குழாய்த் தண்ணீரும் அப்படித்தான். காலனியில் பாதிப் பெண்கள் இன்னும் அந்தத் தோட்டங்களுக்குத்தான் களை எடுக்கப் போகிறார்கள். இதெல்லாம் மாமாவின் தலையில் உட்கார்ந்திருக்கும். எனக்கென்ன, சண்டை போட்டுவிட்டு மறுநாள் காலை பஸ் ஏறிவிடுவேன்.

எங்கள் வெளிச் சமையல்காரர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். தடித்த மீசை, நெற்றியில் பளிச்சென்று சந்தனம், மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. உதவிக்கு இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு தன் பாத்திரங்களோடு டெம்போவில் வந்து இறங்குவார். அதிகம் பேசமாட்டார். அவருடைய பிரியாணியை ஊர்க்காரர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுத் தங்கள் வீட்டு விசேஷங்களுக்கும் அவரை அழைக்க ஆரம்பித்தார்கள். அன்னூர்ச் சுற்று வட்டாரத்தில் காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவர்தான் என்று ஆகிவிட்டது. எங்கள் மாமாவுக்கு அதில் ஒரே பெருமை.

அவர் என்ன சாதி என்று யாரும் அவரைக் கேட்டதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. எங்கள் பக்கத்தில் அதை நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு. “எந்தப் பக்கமுங்க?” என்று கேட்போம். அவர் ஈரோட்டுப் பக்கம் என்பார். அதற்கு மேல் சந்தனத்தைப் பார்த்து நாமே முடிவு செய்துகொள்வோம். கமிட்டி விசாரித்திருக்கும் என்று ஊர்க்காரர்கள் நினைத்தார்கள். சந்தனம் இருக்கிறது, ஊர்க்காரர்களே வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், அப்புறம் என்ன விசாரிப்பது என்று கமிட்டி நினைத்தது. எல்லோரும் அவ்வளவு மரியாதையானவர்கள்.

அந்த ஆண்டு பண்டிகையன்று அம்மா வழக்கம்போல அடுப்புக் கொட்டகையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே ஆராதனை தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கியில் கீர்த்தனை வந்தது. சமையல்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு மசாலாவை வதக்கிக்கொண்டிருந்தார். முணுமுணுவென்று பாட்டோடு அவர் வாயும் போயிற்று. பல்லவியை யார் வேண்டுமானாலும் பாடலாம், அம்மா கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது சரணம் வந்தது. அது எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கே புத்தகத்தைப் பார்க்காமல் வராது. பிறந்ததிலிருந்து கோயில் பாயில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்தச் சரணம் தானாக வாயில் வரும். சமையல்காரர் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே ஒரு சொல் விடாமல் பாடிக்கொண்டிருந்தார். முடிந்ததும் தாழ்ந்த குரலில் ஆமென் சொன்னார். திரும்பினால் அம்மா கத்தியை அந்தரத்தில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா மெதுவாக, எந்தச் சபை என்று மட்டும் கேட்டாளாம். அவர் கையிலிருந்த கரண்டி அண்டாவுக்குள் விழுந்துவிட்டதாம். அப்புறம் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவரும் எங்கள் ஆள்தான், சாதியும் அதே, சபையும் அதே. வேலை கற்றுக்கொடுத்த சமையல்காரர்தான் நெற்றியில் சந்தனம் வைத்துவிட்டு, இனி இது இல்லாமல் அடுப்படிக்கு வராதே என்று சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வேலை இல்லாத நாளில் சந்தனத்தைக் கழுவிவிட்டு அவருடைய ஊர்க் கோயிலுக்குப் போவாராம். “அக்கா, கும்புட்டுக் கேக்கறனுங்க, வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தனும் என்னய அடுப்பு மூட்டக் கூப்புட மாட்டானுங்க” என்றாராம்.

அம்மா இதை என்னிடம் சொன்னது முதல் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகில். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவளுக்குச் சொல்லவே முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. கொட்டகைக்குள் ஊர்ப் பெரியவர்கள் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் பைத்தியங்கள் மாதிரி நின்று சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான், ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றது வரும். பந்தி முடியும் நேரத்தில் மைக்கைப் பிடித்து வந்தவர்களுக்கு நன்றி சொல்வது என் பொறுப்பு. பட்டணத்தில் இருப்பவள், தடுமாறாமல் பேசுவாள் என்று அதை என் தலையில் கட்டியிருந்தார்கள். இன்றைக்கு நன்றி சொல்கிறேன் பார் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை ஆண்டுகளாக நீங்கள் விரும்பிச் சாப்பிட்டது எங்கள் கைச் சோற்றைத்தான், உங்களில் ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லையே என்று கேட்டுவிட வேண்டும். மனசுக்குள் வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. நல்ல வாக்கியங்கள்.

அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். சிரிப்பெல்லாம் போய் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“நீ மைக்குல சொன்னீன்னா அவங்க மானம் ஒண்ணும் போவாது கண்ணு. அந்தாளு பொழப்புத்தான் போவும்.”

நான் உண்மைதானே என்றேன். உண்மையைச் சொல்லச் சொல்லித்தானே நமக்கு ஆண்டவர் சொல்லியிருக்கிறார் என்றேன். மைக்கில் என்ன பேசப் போகிறாய் என்று மட்டும் அம்மா கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லோரும் வயிறார உண்டதில் சபையார் மகிழ்கிறோம் என்று பேசிவிட்டு இறங்கினேன்.

கோயம்புத்தூருக்கு வந்தும் அது ஆறவில்லை. எங்கள் போதகருக்குப் போன் செய்து சொன்னேன், யாரிடமும் சொல்லக்கூடாது என்ற வாக்குறுதியோடு. அவர் இளைஞர், படிப்பு முடித்து வந்து அதிக நாள் ஆகவில்லை. சமூக நீதி என்று ஆரம்பித்தால் ஆராதனை முடிய மத்தியானம் ஆகிவிடும். நான் நினைத்தபடியே துள்ளிக் குதித்தார். இதை அப்படியே அடுத்த பண்டிகையில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றார். எனக்கு ஒரே ஆனந்தம். அந்த வாரமே அவர் என் அம்மாவிடம் போய்ப் பேசினார். திரும்பி எனக்குப் போன் செய்தபோது குரல் இறங்கியிருந்தது. அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, ஒன்றே ஒன்றைக் கேட்டாளாம். அறிவித்த மறுநாள் அந்தச் சமையல்காரர் வீட்டு அடுப்பை யார் எரிய வைப்பது, நீங்களா, என் மகளா? அவர் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அம்மாவுக்குள் அது வேறு மாதிரி வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசும்போது, சம்பந்தமில்லாமல் நடுவில் அந்த மனிதரைப் பற்றிப் பேச்செடுப்பாள். அவர் பாடின குரல் நன்றாக இருந்தது என்பாள். நம் கோயில் ஒலிபெருக்கியில் வந்த பாட்டைப் பயந்து பயந்து பாடினான் பாவம் என்பாள். ஒருநாள் சொன்னாள். “ஊர்க்காரங்கள உடு கண்ணு. நம்ம கோயிலு வாசல்லயே ஒருத்தன் நானும் உங்காளுதான்னு சொல்ல முடியாம அடுப்படியில நிக்கறான். அத நாமதான் பண்ணிப்போட்டோம்.”

நான் எவ்வளவோ கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன், நீதியைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன். ஊர்க்காரர்கள் செய்கிற அநியாயத்தைப் பற்றித்தான் நான் எப்போதும் கொதித்தேன். அந்த அநியாயத்துக்கு நாங்கள் இலை போட்டுப் பந்தி நடத்துகிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவை அன்றைக்கு அப்படியே அள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. போனில் எப்படி அள்ளுவது? சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

அடுத்த பண்டிகைக்குக் கமிட்டி கூடியபோது அம்மா போய் நின்றாள். நானும் போயிருந்தேன். இந்த ஆண்டு வெளிச் சமையல் வேண்டாம், பெண்கள் ஐக்கிய சங்கத்தை வைத்துக்கொண்டு நானே ஆக்குகிறேன் என்றாள். ஏன் என்பதற்குச் சமையல்காரரைப் பற்றி மூச்சே விடவில்லை. மாமா வழக்கமான பதிலைச் சொன்னார். வண்டிப்பாதை, குழாய், களை வேலை எல்லாம் வந்தது. அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “தம்பி, திருவிருந்து ரொட்டி அன்னூரு பேக்கரியிலதான வாங்கறோம். அத யாரு சுட்டாங்கன்னு நீ என்னிக்காச்சும் கேட்டிருக்கறயா?” என்றாள்.

மாமா கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை. அம்மா தொடர்ந்தாள். ஊரை அழைப்போம், மரியாதை செய்வோம், இலையும் போடுவோம். உட்கார்ந்தால் சந்தோஷம், உட்காராவிட்டால் அது அவர்கள் பாடு, விருந்து நம்முடையது. போதகர் இந்த முறை நீளமாக எதுவும் பேசவில்லை, சரி என்று கையைத் தூக்கினார். மற்றவர்கள் மாமாவைப் பார்த்தார்கள். மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “எங்கக்கா சொல்லிப்போட்டா நான் என்ன பண்றதுங்க” என்றார். அது முடிவா, புலம்பலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மா சமையல்காரருக்குப் போன் செய்தாள். இனி சமைக்க வர வேண்டாம், வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வா என்றாள். அவர் “பாக்கறனுங்கக்கா” என்றார். வரமாட்டார் என்று எனக்குப் பட்டது. எப்படி வருவார்? ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

பண்டிகையன்று அம்மாவைப் பார்க்க வேண்டுமே. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். என்னை எடுபிடியாக வைத்துக்கொண்டாள். அரிசி களைந்த தண்ணீரை நான் தப்பான இடத்தில் ஊற்றினேன் என்று எல்லோர் முன்னிலும் திட்டினாள். அண்டாவை இறக்கி மூடியைத் திறந்தபோது கொட்டகையே மணத்தது. அம்மா கண்ணை மூடி ஜெபித்தாள். ஆண்டவரோடு பேசும்போது அவள் தன் தம்பியோடு பேசுகிற மாதிரித்தான் பேசுவாள், உரிமையாக, கொஞ்சம் அதட்டலாக. அன்றைக்கு என்ன அதட்டினாளோ தெரியாது, வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் கார்களில் வந்தார்கள். பொன்னாடை போட்டோம். அவர்களும் சபை வளர வேண்டும் என்று நாலு வார்த்தை நல்லபடி பேசினார்கள். கூட்டம் முடிந்து மாமா அவர்களைப் பந்திக்கு அழைத்தார். வண்டிப்பாதைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பெரியவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சமையலுக்கு இந்த வருசம் யாருங்க?” என்று கேட்டார். மாமா அண்டாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அண்டாவுக்குப் பின்னாலிருந்து அம்மா, “நாந்தானுங்க” என்றாள்.

“அப்புடீங்களா. நெம்பச் சந்தோசமுங்க” என்றார் பெரியவர். அவிநாசியில் ஒரு துக்கத்துக்குப் போக வேண்டியிருக்கிறதாம். இன்னொருவருக்குப் பல்வலி. ஒருவர் விரதம். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மூடி பிரிக்காத தண்ணீர் பாட்டில்களை மட்டும் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. முகம் சுளித்திருந்தாலாவது நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். துக்கத்துக்குப் போக வேண்டியவர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு மஞ்சள் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்.

முதல் பந்தி இலைகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. போதகர் மைக்கில் சபையாரை வந்து உட்காரச் சொன்னார். ஒருவரும் வரவில்லை. மில் சூப்பர்வைசர், போலீஸ்காரர், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் என்று எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கொட்டகை ஓரத்தில் எப்போதும் நிற்கும் இடத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை. அடுத்த பந்தியில் உட்கார்ந்துகொள்கிறோம் என்றார்கள். முதல் பந்தியே காலியாக இருக்கிறது, அடுத்த பந்தி எங்கிருந்து வரும்? சின்ன வயதிலிருந்து மேடையேறிப் பேசுகிற என் காலும் நகரவில்லை. அம்மா நிறைந்த வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் தனியாக நின்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது வாசல் பக்கமிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரும், பின்னாலேயே பச்சைச் சேலையில் ஒரு பெண்ணும் வந்தார்கள். கார்களின் பக்கத்தில் நின்றவர்களைத் தாண்டித்தான் வந்தார்கள். எனக்கு யாரென்று பிடிபடவில்லை. மீசையைப் பார்த்துத்தான் தெரிந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. சந்தனம் இல்லாத அந்த முகம் பத்து வயது குறைந்தாற்போல இருந்தது. நேராக வந்து முதல் பந்தியின் முதல் இலையில் உட்கார்ந்தார், மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்தார். இரண்டு பேரும் கையைக் குவித்துத் தலை குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக ஜெபம் செய்தார்கள். மஞ்சள் விலை பேசிக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். தன் மகள் கல்யாணத்துக்குச் சமைத்த மனிதரை அவருக்கு அடையாளம் தெரியாமலா போகும்? காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்னூர்ப் பக்கத்து வேலைகள் அவருக்கு ஒவ்வொன்றாக நின்றன. யாரும் திட்டவில்லை, சண்டைக்கு வரவில்லை. கல்யாணத் தேதி தள்ளிப்போயிருக்கிறது என்றார்கள். இப்போது அவர் ஈரோட்டில் ஜங்ஷன் பக்கம் ஒரு மெஸ் நடத்துகிறார். சம்பாத்தியம் முன்னைப் போல இல்லை என்று அவர் மனைவி அம்மாவிடம் சொன்னாள். விலை கொடுத்தது கடைசியில் அவர்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆண்டவரிடம் இதைப் பற்றிக் கேட்பதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் மைக்கைப் பிடித்து நான் சொல்லவில்லை, அம்மா சொல்லவில்லை. தானாக நடந்து வந்து அவரே சொன்னார்.

அன்றைக்கு அம்மா வாளியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். முதல் கரண்டியில் பாதிச் சோறு இலைக்கு வெளியே விழுந்தது. அவர் அதையும் பொறுக்கி இலைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு வாய் சாப்பிட்டார். உடனே அடுத்த வாய் எடுக்கவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நன்றாயில்லையோ என்று அம்மா தவித்துப்போய்ப் பக்கத்தில் குனிந்தாள்.

“எத்தன வருசம் இங்க சமைச்சிருப்பனுங்க அக்கா. ஒருக்காக்கூட உக்காந்து சாப்புட்டதில்லீங்க” என்றார் அவர். “மொதப் பந்தியில உக்காந்தா அது பொய்யிங்க. ரண்டாம் பந்தியில உக்காந்தா பொழப்புப் போயிருமுங்க. பசிக்கலீன்னு சொல்லிப்போட்டு டெம்போ ஏறிப் போயிருவனுங்க.”

அம்மா இன்னொரு கரண்டி போட்டாள். கொட்டகை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அந்த மனிதருக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் வெகுநேரம் சோற்றில் கை வைக்கவில்லை. குனிந்த தலையோடு அழுதுகொண்டிருந்தார்.